‘அ’ என்னும் எழுத்தைக் கம்பியில் அனுப்புதல்: எண்முறைக் குறியாக்கத்தை வரைந்து கற்கும் வழி

தரவுத் தொடர்பைப் படிக்கத் தொடங்கும் மாணவர் கையில் முதலில் வந்து சேர்வது, பிட்டுகளை (0, 1 என்னும் இலக்கங்களை) மின்னழுத்தமாக மாற்றும் முறைகளின் பெயர்ப் பட்டியல்: என்.ஆர்.இசட்., மான்செஸ்டர், ஏ.எம்.ஐ., 4பி/5பி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி, ஓர் அலைவடிவப் படம். தேர்வுக்கு முன் அவற்றை மனப்பாடம் செய்கிறோம், தேர்வு முடிந்ததும் எந்தப் படம் எதற்குரியது என்பது கலங்கிப்போகிறது. இந்த முறைகள் எல்லாம் ஒரே சிக்கலுக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பொறியாளர்கள் கண்ட விடைகள் என்று தெரிந்துகொண்டால் மனப்பாடத்துக்கு வேலையே இல்லை. கம்பியில் செல்வது மின்னழுத்தம் மட்டுமே. ஒரு பிட் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று சொல்லும் கடிகாரம் பெரும்பாலான இணைப்புகளில் தனிக் கம்பியில் செல்வதில்லை. ஆகவே பெறும் கருவி, வந்து சேரும் அலையிலிருந்தே நேரத்தையும் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு முறையையும் வரையும்போது, “இந்த அலையிலிருந்து கடிகாரத்தை மீட்க முடியுமா?” என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

தேவையானவை கட்டமிட்ட தாள், பென்சில், அழிப்பான். ஒரு பிட்டுக்கு இரண்டு கட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர் முறையில் பிட்டின் நடுப்புள்ளி தேவைப்படும் என்பதால் ஒற்றைக் கட்டம் போதாது.

பிட்டுகளைத் தயார் செய்தல்

எடுத்துக்காட்டாகத் தமிழின் முதல் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். எழுத்துகளை எண்களாக்க இணையத்தில் வழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ‘அ’ மூன்று பைட்டுகளாகிறது (ஒரு பைட்டு எட்டு பிட்டுகள்). பதின்ம எண்களில் அவை 224, 174, 133. அவற்றை இருமத்தில் எழுதினால்:

11100000 10101110 10000101

இந்த 24 பிட்டுகளைத் தாளின் மேல்வரிசையில், ஒவ்வொன்றும் இரண்டு கட்டங்களின் நடுவில் அமையுமாறு எழுதி, ஒவ்வொரு பிட்டின் எல்லையிலும் மெல்லிய செங்குத்துக் கோடு இடுங்கள். யூனிகோடில் தமிழ்ப் பகுதியிலுள்ள எந்த எழுத்தை எடுத்தாலும் அதன் முதல் பைட்டு 224 தான். இரண்டாவது 174 அல்லது 175. அதாவது தமிழில் எழுதும் எந்தச் செய்தியிலும் ஐந்து சுழியங்களின் தொடர் ஒன்று மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருக்கும். அந்த ஐந்து சுழியங்களை ஒவ்வொரு முறையும் எப்படிக் கையாளுகிறது என்பதே நம் வரைபடங்களில் உற்றுநோக்க வேண்டிய இடம்.

வரைவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. நாம் தாளில் இடும் கூர்மையான மூலைகள் உண்மைக் கம்பியில் இருப்பதில்லை. சதுர அலை ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், அதன் அடிப்படை அதிர்வெண்ணோடு மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு அதிர்வெண்களும் முறையே மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று வீச்சோடு கலந்திருக்கும். கம்பி உயர் அதிர்வெண்களைக் கூடுதலாக நலிவுறச் செய்வதால், தொலைவு கூடக் கூட மூலைகள் உருண்டு, அலை சாய்ந்து போகிறது. ஆகவே ஒரு குறியாக்க முறையை மதிப்பிடும்போது, அது கம்பியிடம் எவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணைக் கேட்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். இரைச்சலற்ற தடத்தில் ஒரு நொடிக்கு அனுப்பக்கூடிய குறிகளின் எண்ணிக்கை பட்டையகலத்தின் (தடம் கடத்தும் அதிர்வெண் பரப்பின்) இரு மடங்குக்கு மேல் போகாது என்ற எல்லையை 1928இல் பொறியாளர் நைக்விஸ்ட் காட்டினார். இரைச்சலும் சேர்ந்தால் எல்லை எங்கே விழும் என்பதை 1948இல் கணிதவியலர் ஷானன் கணக்கிட்டுத் தந்தார். பழைய தொலைபேசி இணைப்பின் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் சமிக்ஞை இரைச்சலைவிட 30 டெசிபெல், அதாவது ஆயிரம் மடங்கு, வலிமையுடையது எனக் கொண்டால், ஷானன் சூத்திரப்படி நொடிக்கு ஏறத்தாழ 30,900 பிட்டுகளே அதன் உச்சம். எந்தக் குறியாக்கத்தாலும் இந்த எல்லையைத் தாண்ட இயலாது.

மிக எளிய முறையும் அதன் குறையும்

முதல் வரைபடம் என்.ஆர்.இசட்.-எல். (‘சுழியத்துக்குத் திரும்பாத’ முறையின் மட்ட வகை). விதி எளியது: பிட் 1 என்றால் அதன் இரு கட்டங்களிலும் கோடு உயர் மட்டத்தில், 0 என்றால் தாழ் மட்டத்தில். நம் 24 பிட்டுகளுக்கு வரைந்து முடித்தபின், கோடு மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ மாறும் இடங்களை எண்ணுங்கள், 12 வரும். ஐந்து சுழியங்கள் வரும் இடத்தில் கோடு பத்துக் கட்டங்களுக்கு அசையாமல் கிடக்கும்.

அசையாமல் கிடந்தால் என்ன கெட்டுவிடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மனத்தில் நிற்கும். பெறும் கருவி தன் சொந்தக் கடிகாரத்தைக் கொண்டு ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் மின்னழுத்தத்தை அளக்கிறது. இரு முனைகளிலும் உள்ள கடிகாரங்கள் ஒருபோதும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈத்தர்நெட் தரம் ஒவ்வொரு முனையிலும் பத்து லட்சத்தில் 100 பங்கு பிழையை அனுமதிக்கிறது. ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் ஓடினால் வேறுபாடு பத்து லட்சத்துக்கு 200 பங்கு. பிட்டின் நடுவில் தொடங்கிய அளவீடு அரைப் பிட் நகர்ந்துவிட்டால் அடுத்த பிட்டை அளக்கத் தொடங்கிவிடும். அந்த அரைப் பிட் நகர்வு நிகழ 0.5ஐ 0.0002ஆல் வகுத்தால் வரும் 2,500 பிட்டுகளே போதும். ஆனால் வழக்கமான ஈத்தர்நெட் சட்டகத்தின் (ஒரே மூச்சில் அனுப்பும் தரவுத் தொகுதியின்) உச்ச நீளம் 1,518 பைட்டுகள், அதாவது 12,144 பிட்டுகள். எனவே நல்ல படிகக் கடிகாரம் இருந்தாலும், வழியில் மட்டமாற்றங்களைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளாத பெறும் கருவி ஒரே சட்டகத்துக்குள் பலமுறை தடம் புரளும். கடிகாரத்தை இன்னும் துல்லியமாக்கினால் சரியாகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. இந்தக் கணக்கு அந்த எண்ணத்தை முடித்துவைக்கிறது.

என்.ஆர்.இசட். முறைக்கு வேறொரு குறையும் உண்டு. முறுக்கிய இணைக்கம்பியின் இரு முனைகள் தவறுதலாக மாற்றி இணைக்கப்பட்டால் 1 எல்லாம் 0 ஆகவும் 0 எல்லாம் 1 ஆகவும் தெரியும். இதைத் தவிர்க்க வந்தது என்.ஆர்.இசட்.ஐ.: பிட் 1 என்றால் அதன் தொடக்கத்தில் மட்டம் மாறும், 0 என்றால் மாறாது. தாழ் மட்டத்தில் தொடங்கி வரைந்தால் முதல் மூன்று பிட்டுகள் உயர், தாழ், உயர் என்று போய், பின் வரும் ஐந்து சுழியங்கள் முழுவதும் உயர் மட்டத்திலேயே கிடக்கும். மொத்த மாற்றங்கள், தொடக்கத்தில் வருவதையும் சேர்த்து, 11. அது 1களின் எண்ணிக்கையே. கம்பி மாறிப்போனாலும் மாற்றம் மாற்றமாகவே தெரியும் என்பது இதன் வலிமை. நீண்ட சுழியத் தொடர் என்ற நோய் மட்டும் அப்படியே இருக்கிறது.

யூ.எஸ்.பி. இதை எதிர்மாறாகப் பயன்படுத்துகிறது. அதன் 1.1, 2.0 பதிப்புகளில் 0 வந்தால் மட்டம் மாறும், 1 வந்தால் மாறாது. தொடர்ந்து ஆறு 1கள் வந்துவிட்டால் அனுப்பும் கருவி தானாக ஒரு 0ஐச் செருகும், பெறும் கருவி அதை எடுத்தெறியும். தமிழ் எழுத்துகளின் ஐந்து சுழியங்கள் அங்கே ஐந்து மட்டமாற்றங்களாகி, கடிகார மீட்புக்கு உதவியே செய்கின்றன. ஆகவே பாடநூலிலுள்ள படத்தை அப்படியே நம்பாமல், எந்தத் தரத்தில் எந்த வழக்கு என்பதைப் பார்த்துவிட்டுத்தான் வரைய வேண்டும்.

மான்செஸ்டர் முறையை வரைதல்

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மார்க் 1 கணினியில் காந்த உருளையில் தரவைப் பதிவதற்காக உருவான இம்முறை, பிற்பாடு 10 மெகாபிட் ஈத்தர்நெட்டின் அடிப்படையாயிற்று. இதில் ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கட்டாயம் ஒரு மட்டமாற்றம் உண்டு. ஈத்தர்நெட்டுக்கான ஐ.ட்ரிபிள்.ஈ. 802.3 தரத்தின் வழக்கின்படி, நடுவில் கீழிருந்து மேலே ஏறினால் 1, மேலிருந்து கீழே இறங்கினால் 0. இதற்கு நேர் எதிரான வழக்கைக் கையாளும் நூல்களும் உள்ளதால், உங்கள் வரைபடத்தின் ஓரத்தில் எந்த வழக்கு என்பதை எழுதிவைப்பது நல்லது.

வரையும்போது மாணவர்கள் தடுமாறுவது பிட்டுகளின் எல்லையில்தான். அதற்கு ஓர் உறுதியான வழி இருக்கிறது. முதலில் எல்லாப் பிட்டுகளின் நடுவிலும் ஏறும் அல்லது இறங்கும் செங்குத்துக் கோடுகளை மட்டும் வரைந்துவிடுங்கள். அதன்பின் அடுத்தடுத்த கோடுகளின் முனைகளை இணையுங்கள். அடுத்தடுத்த இரு பிட்டுகள் ஒரே மதிப்புடையவை என்றால் எல்லையிலும் ஒரு மாற்றம் தானே வந்துவிழும். வேறுபட்டவை என்றால் எல்லையில் கோடு நேராகவே கடந்து செல்லும். நம் 11100000 என்ற பைட்டில் மூன்றாவது 1க்கும் முதல் 0க்கும் இடையே மட்டும் கோடு இரண்டு கட்டங்களுக்கு உயர்ந்தே இருக்கும். மற்ற இடங்களிலெல்லாம் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மாற்றம்.

மொத்த மாற்றங்களை எண்ணினால் 35. என்.ஆர்.இசட்.டில் அசையாமல் கிடந்த அந்த ஐந்து சுழியங்களே இங்கே மிக அடர்த்தியாகத் துடிக்கும் பகுதி என்பதைக் கவனியுங்கள். பெறும் கருவிக்கு ஒவ்வொரு பிட்டிலும் கடிகாரம் கிடைக்கிறது. ஒவ்வொரு பிட்டும் பாதி நேரம் மேலும் பாதி நேரம் கீழும் இருப்பதால் அலையின் சராசரி மின்னழுத்தம் சுழியமாகிறது. இதற்கான விலையும் தெளிவு: நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் என்.ஆர்.இசட். அலையின் மிக வேகமான துடிப்பு 5 மெகாஹெர்ட்ஸ். மான்செஸ்டரில் அது 10 மெகாஹெர்ட்ஸ். ஒரே மதிப்பு தொடர்ந்து வரும்போது இந்த 10 மெகாஹெர்ட்ஸும், 1உம் 0உம் மாறி மாறி வரும்போது 5 மெகாஹெர்ட்ஸும் கிடைக்கும். ஈத்தர்நெட் சட்டகத்துக்கு முன் 10101010 என்ற பைட்டை ஏழு முறை அனுப்புவது, எல்லை மாற்றங்கள் ஏதுமற்ற தூய 5 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தந்து, பெறும் கருவி பிட்டின் நடுப்புள்ளி எது என்று குழப்பமின்றிப் பிடித்துக்கொள்வதற்காகவே.

4பி/5பி

வேகத்தை நொடிக்கு 100 மெகாபிட்டாக உயர்த்த வேண்டியபோது மான்செஸ்டரின் இரட்டைச் செலவு தாங்க முடியாததாயிற்று. அப்போது கையாண்ட வழி, நான்கு பிட்டுகளுக்குப் பதிலாகத் தேர்ந்தெடுத்த ஐந்து பிட்டுகளை அனுப்புவது. 32 ஐந்து பிட் வடிவங்களில், தொடக்கத்தில் ஒன்றுக்கு மேலும் முடிவில் இரண்டுக்கு மேலும் சுழியம் இல்லாத 16ஐத் தரவுக்கென எடுத்துக்கொண்டார்கள். எனவே எவற்றை அடுத்தடுத்து வைத்தாலும் மூன்றுக்கு மேல் சுழியங்கள் தொடரா. நம் எழுத்தின் ஆறு நான்கு பிட் துண்டுகள் இப்படி மாறும்:

1110 → 11100
0000 → 11110
1010 → 10110
1110 → 11100
1000 → 10010
0101 → 01011

இந்த 30 பிட்டுகளையும் ஒரே வரிசையாக எழுதி என்.ஆர்.இசட்.ஐ. முறையில் வரையுங்கள். மாற்றங்கள் 18, கோடு அசையாமல் இருக்கும் மிக நீண்ட இடம் மூன்று பிட் மட்டுமே. முன்பு அதுவே ஆறு பிட்டாக இருந்தது. செலவோ 25 விழுக்காடு. எஃப்.டி.டி.ஐ. ஒளியிழை வலையமைப்பில் 4பி/5பியும் என்.ஆர்.இசட்.ஐ.யும் சேர்ந்த இந்த இணையே பயன்பட்டது. செப்புக்கம்பியில் ஓடும் 100 மெகாபிட் ஈத்தர்நெட்டில் இதற்கு மேல் பிட்டுகளை ஒழுங்கின்றிக் கலைத்துப்போடும் ஒரு கலைப்பானும் எம்.எல்.டி.-3 என்ற மூன்று மட்ட முறையும் சேர்கின்றன. அதில் 1 வரும்போதெல்லாம் மட்டம் சுழியம், நேர், சுழியம், எதிர் என்ற சுழற்சியில் ஒரு படி நகரும். முழுச் சுழற்சிக்கு நான்கு படிகள் தேவைப்படுவதால், நொடிக்கு 125 மெகா குறிகள் சென்றாலும் அடிப்படை அதிர்வெண் 31.25 மெகாஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. என் பார்வையில் இத்தகைய குறியாக்கத்தின் மிக நேர்த்தியான தந்திரங்களில் இது ஒன்று.

ஏ.எம்.ஐ., எச்.டி.பி.3

நீண்டதூரத் தொலைபேசித் தடங்களில் வேறொரு தேவையும் சேர்ந்தது. அங்கே சமிக்ஞை மின்மாற்றிகள் வழியே செல்கிறது. மின்மாற்றி நேர்மின்னோட்டத்தைக் கடத்தாது. சராசரி மின்னழுத்தம் சுழியத்திலிருந்து விலகினால் அலையின் அடிக்கோடே மெல்ல நகர்ந்து, பெறும் கருவி உயர்வையும் தாழ்வையும் மாற்றிப் படிக்கத் தொடங்கும். ஏ.எம்.ஐ. முறையில் 0க்குத் துடிப்பே இல்லை. 1 வரும்போது நேர்த்துடிப்பும் எதிர்த்துடிப்பும் மாறி மாறி வரும். சராசரி சுழியத்தை ஒட்டியே நிற்கும், ஆயினும் சுழியங்கள் தொடர்ந்தால் கம்பி முற்றிலும் அமைதியாகிவிடும்.

அந்த அமைதியைக் கலைப்பது எச்.டி.பி.3. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கும் நொடிக்கு 2.048 மெகாபிட் ஈ1 தடம் இதைப் பயன்படுத்துகிறது. நான்கு சுழியங்கள் சேர்ந்து வந்தால், நான்காவதன் இடத்தில் முந்தைய துடிப்பின் அதே திசையிலேயே ஒரு துடிப்பு இடப்படும். மாறி மாறி வர வேண்டும் என்ற விதியை வேண்டுமென்றே மீறுவதால் இது மீறல் துடிப்பு. மீறலைக் கண்ட பெறும் கருவி, இவை சுழியங்களே என்று அறிந்து திருத்திக்கொள்ளும். மீறல்களே ஒரே திசையில் குவிந்து சராசரியைக் கெடுத்துவிடாமல் இருக்க, முந்தைய மீறலுக்குப்பின் வந்த துடிப்புகளை எண்ண வேண்டும். எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் மூன்று சுழியங்களும் மீறலும். இரட்டைப்படை என்றால் முதலில் விதிக்கு உட்பட்ட ஒரு துடிப்பு, இரண்டு சுழியங்கள், பின் அதே திசையில் மீறல்.

சற்றுமுன் எதிர்த்திசையில் (−) ஒரு மீறல் நிகழ்ந்ததாகக் கொண்டு ‘அ’வை வரையுங்கள். முதல் மூன்று 1கள் +, −, + ஆகின்றன. துடிப்புகள் மூன்று, ஒற்றைப்படை; எனவே அடுத்த நான்கு சுழியங்களில் கடைசியில் + மீறல். இரண்டாம் பைட்டின் ஐந்து 1கள் அந்த மீறலுக்கு எதிராக − என்று தொடங்கி மாறி மாறி வரும். மூன்றாம் பைட்டின் முதல் 1 + ஆகும்போது எண்ணிக்கை ஆறு, இரட்டைப்படை. எனவே அடுத்த நான்கு சுழியங்கள் −, 0, 0, − ஆகின்றன. முழு வரிசை:

+ − + 0 0 0 + 0
− 0 + 0 − + − 0
+ − 0 0 − + 0 −

நேர்த்துடிப்புகளையும் எதிர்த்துடிப்புகளையும் தனித்தனியே எண்ணுங்கள். இரண்டும் ஏழு ஏழு. உங்கள் எண்ணிக்கை வேறாக வந்தால், பெரும்பாலும் மீறலுக்கு அடுத்த 1ஐ அதற்கு முந்தைய சாதாரணத் துடிப்போடு ஒப்பிட்டிருப்பீர்கள். ஒப்பிட வேண்டியது மீறல் துடிப்போடுதான்.

கருவியில் சரிபார்த்தல்

நிரல் எழுதி இயக்கும் ஆர்டுயினோ உனோ போன்ற ஒரு பலகையும் விலை மலிவான எட்டுத் தடத் தர்க்கப் பகுப்பாய்வியும் (மட்டமாற்றங்களைப் பதிந்து திரையில் காட்டும் கருவி) இருந்தால், குறைந்தது முதல் வரைபடத்தையாவது நேரில் காணலாம். 224, 174, 133 ஆகிய மூன்று பைட்டுகளையும் தொடர் முனையில் 9600 பாட் (இங்கே நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் இடைவெளியின்றி அனுப்பும் சிறு நிரலை எழுதி, பலகையின் 1ஆம் எண் முனையிலும் நிலமுனையிலும் பகுப்பாய்வியை இணையுங்கள். கணினிகளின் பழைய ஆர்.எஸ்.-232 முனையில் பகுப்பாய்வியை நேரடியாக இணைக்கக் கூடாது. அங்கே 1 என்பது −3 முதல் −15 வோல்ட் வரை, 0 என்பது +3 முதல் +15 வரை இருப்பதால் பகுப்பாய்வி பழுதாகிவிடும். ஒரு பிட்டின் காலம் 104 மைக்ரோநொடி என்பதால், நொடிக்கு பத்து லட்சம் மாதிரிகள் எடுத்தால் தாராளம்.

திரையில் தெரியும் அலை உங்கள் தாளோடு பொருந்தாது. அதில் பிழை ஏதும் இல்லை. தொடர் முனை ஒவ்வொரு பைட்டையும் கடைசிப் பிட்டிலிருந்து தொடங்கி அனுப்புகிறது. முன்னே ஒரு தொடக்க 0, பின்னே ஒரு முடிவு 1 சேர்க்கிறது. ஆகவே 224 கம்பியில் 0 00000111 1 என்று செல்லும். ஓய்வில் உயர்ந்திருந்த கோடு முதலில் ஆறு பிட் காலம், ஏறத்தாழ 625 மைக்ரோநொடி, தாழ்ந்திருந்து, பின் நான்கு பிட் காலம் உயரும். தொடக்கப் பிட்டின் இறக்கமே ஒவ்வொரு பைட்டிலும் கடிகாரத்தைத் திருத்துகிறது. முடிவுப் பிட்டின் நடுப்புள்ளி அதிலிருந்து ஒன்பதரைப் பிட் தொலைவில் இருப்பதால், அரைப் பிட் நகர்வுக்கு இரு கடிகாரங்களும் ஏறத்தாழ 5 விழுக்காடு வேறுபட வேண்டும். மலிவான கருவிகளும் தடையின்றிப் பேசிக்கொள்வது இதனால்தான்.

அடுத்து ‘க’வுக்கு வரைந்து பாருங்கள். அதன் பைட்டுகள் 224, 174, 149; ‘அ’விலிருந்து வேறுபடுவது ஒரே ஒரு பிட். நான்கு சுழியங்களின் நடுவே ஒரு 1 புகுந்துவிடுவதால் எச்.டி.பி.3 வரைபடத்தில் இரண்டாவது மீறல் மறைந்துவிடும். என்.ஆர்.இசட்.-எல். மாற்றங்கள் 12இலிருந்து 14ஆகக் கூடும். மான்செஸ்டர் மாற்றங்கள் 35இலிருந்து 33ஆகக் குறையும். பிட்டுகள் வேறுபடும் எல்லையில் முதல் முறைக்கு மாற்றம் உண்டு, ஒத்திருக்கும் எல்லையில் இரண்டாவதுக்கு உண்டு. எனவே 24 பிட்டுக்கு 23 எல்லைகளும் 24 நடுப்புள்ளிகளும் சேர்ந்து இரு வரைபடங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 47 ஆகும். எந்த எழுத்துக்கு வரைந்தாலும் அந்தத் தொகை வராவிட்டால், இரண்டில் ஒன்றில் ஒரு மாற்றம் விடுபட்டிருக்கிறது. எல்லைகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அதைத் தேடுங்கள்.